இத்தாவில் இருக்கும் திறப்பு

சுபைறா மாமி எங்கள் கடைக்கு வந்தால் நான் கூரையைப் பார்க்க வேண்டும். அதுதான் ஒப்பந்தம்.

பகலில் நான் கல்முனையில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், படிவம் நிரப்புதல். மாமி கலியாணப் புரோக்கர். எங்களுக்கு மட்டும் மாமி இல்லை, ஊருக்கே மாமி. பெண்பிள்ளைகளின் விபரத் தாளையும் படத்தையும் பிரதி எடுக்க வருவார்.

"கவுத்து வை. நீ மேல பாரு."

போட்டோகொப்பி மெஷினில் படம் எப்படியும் கவிழ்ந்துதான் கிடக்கும் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"வெளியால வாறது?" என்றார் மாமி. வெளியே வரும் தாளைச் சூடு ஆறுமுன் பிடித்து முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டார். "நீ கலியாணம் முடிக்காத பொடியன். நீ பாத்தா, அந்தப் புள்ளயள்ர உம்மாமாருக்கு நான் என்ன மனே சொல்லுற?"

இவ்வளவு கவனமாக இருந்த மாமி, நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு தன் கைப்பையை அக்கரைப்பற்று பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கிவிட்டார். பை மறுநாள் திரும்பி வந்தது. ஒரு படம்கூடக் குறையவில்லை. ஆனால் அடுக்கு மாறியிருந்தது. யாரோ உட்கார்ந்து, ஆறுதலாக, ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்கள். மாமி கடை வாங்கில் அமர்ந்து அழுதார். களவு போயிருந்தால் பொலிஸுக்குப் போகலாம், பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் எங்கே போவது?

அவரைத் தேற்றுவதற்காக நான் என் பின்னேர வகுப்பைப் பற்றிச் சொன்னேன். அதுதான் தொடக்கம்.

வகுப்பில் முகில் கணிமை படிக்கிறேன். நம்முடைய கோப்புகளை எங்கோ தூரத்தில் இருக்கும் பெரிய கணினிகளில் வைத்து, வேண்டும்போது எடுப்பதுதான் முகில். பாண்டிருப்பிலிருந்து வினோஜ் சேர் வந்து படிப்பிக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அன்று படித்ததை எழுதி வைப்பேன். எழுதினால்தான் எனக்கு எது விளங்கவில்லை என்பது விளங்கும். அந்தக் கிழமை சேர் சொன்னது இது: "தரவு ரெண்டு இடத்தில மாட்டுப்படும். கிடக்கிற இடத்தில ஒண்டு, போற வழியில மற்றது. ரெண்டிலயும் பூட்டு வேணும்." பூட்டு என்று அவர் சொல்வது மறைகுறியாக்கத்தை. படத்தைக் கண்டபடி குழப்பி அர்த்தமில்லாத எழுத்துகளாக்கி விடுவது. திறப்பு, அதாவது சாவி, உள்ளவருக்கு மட்டும் அது மறுபடியும் படமாகும்.

மாமி கண்ணைத் துடைத்தார். "வழியில பூட்டு, வீட்டில பூட்டு. நல்லதுதான். ஆனா செய்யிறது நீ."

"ஓம், நான்தானே செய்யணும்."

"அதான் மனே சொல்லுறன். நீ செய்யணும். நீ பாக்கக் கூடாது."

சேரிடம் கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார். "தம்பி, பெரிய கம்பனிக்காரன் எல்லாம் இதத்தான் கேக்கிறான். மாமி உடன கேட்டது அவங்களுக்கு விளங்கக் கொஞ்சம் நாள் எடுத்தது, அவ்வளவுதான்."

வழி இருந்தது. முகில் நிறுவனம் தானாகவே ஒரு பூட்டுப் போடும், அதன் திறப்பும் அவர்களிடமே இருக்கும். அது வேண்டாம் என்றால் நமக்கென்று ஒரு திறப்பை உண்டாக்கி, யார் அதைப் பாவிக்கலாம் என்று நாமே சொல்லலாம். திறப்பைப் பராமரிப்பவன் நான், ஆனால் பூட்டவும் திறக்கவும் மாமியின் டெப்லட்டுக்கு மட்டும் அனுமதி. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்னத் திறப்பு, அந்தச் சின்னத் திறப்புகளைப் பூட்டி வைக்க ஒரு பெரிய திறப்பு.

"அலுமாரித் திறப்பப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டி, பெட்டித் திறப்ப இடுப்பில சொருகிற மாதிரி," என்றார் மாமி. "சரி, இந்த அனுமதிய உனக்கு மாத்த ஏலாதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஏலும் மாமி. மாத்தினாலும், திறக்கப் பாத்தாலும் உங்கட ஃபோனுக்கு அறிவித்தல் வரும்."

அந்தப் பதிலுக்காக நான் பிறகு மிகவும் வருந்தினேன். அன்றிலிருந்து மாமியின் ஃபோன் எப்போது கிணுகிணுத்தாலும் எனக்கு அழைப்பு வரும்.

"பாத்தியா? உண்மையச் சொல்லு."

"மாமி, அது என்ன எண்டு வாசிங்க."

"இரவைக்கு டேட்டா இலவசமாம்."

இந்த வேலைக்கு நான் ஒத்துக்கொண்டது என் அக்கா முஸ்பிறா ராத்தாவுக்காக. எங்கள் வாப்பா கட்டாரில் இருக்கிறார். ராத்தாவின் கலியாண விஷயத்தில் ஆண்பிள்ளை ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் என் தலையில். ராத்தா பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள், வீட்டிலும் எல்லாரையும் திருத்துவாள். வந்த மாப்பிள்ளைகளின் விபரத் தாள்களையும் அப்படித்தான் திருத்தினாள். ஒருவர் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'ஏழைகளுக்கு உதவுதல்' என்று எழுதியிருந்தார். "அது பொழுதுபோக்கா? அப்ப இவருக்குப் பொழுது போகட்டும் எண்டு ஏழைகள் இருக்கணுமா?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள். இன்னொருவர் ஒரு காரில் சாய்ந்து நின்று படம் எடுத்திருந்தார். "இலக்கத் தகட்டப் பாரு. வாடகைக் கார்."

உம்மா அழத் தொடங்கியிருந்த காலத்தில் மாமி கொண்டுவந்த தாள் றிபாத்துடையது. ஒலுவிலில் மீன்பிடிக்காரர்களுக்கு ஐஸ் போடும் தொழிற்சாலையை நடத்துபவர். பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

ராத்தா அதை இரண்டு தரம் வாசித்தாள். "ஓம்," என்றாள்.

உம்மா எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தார். "மறுகாச் சொல்லு."

"ஓம் எண்டுதான் சொன்னன்."

ராத்தா எந்த மாப்பிள்ளைக்கும் சொன்ன முதல் ஓம் அது. மாமி உடனே என்னைப் பார்த்தார், கூரையைப் பார்க்கச் சொல்லாமல். "முகில் வேலைய முடி. முஸ்பிறாட படமும் அதுக்குள்ளயே போகட்டும். வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பொறகு றிபாத்தும் உம்மாவும் என்ட வீட்ட வந்து படத்தப் பாப்பாங்க. பிடிச்சா அங்கயிருந்து நேர உங்கட வீடு. சனிக்கிழமை அவங்க சம்மாந்துறையில வேற ஒரு புள்ளயப் பாக்கப் போறாங்க. விளங்குதா?"

விளங்கியது. அதனால்தான் ஒவ்வொன்றையும் மூன்று தரம் சரிபார்த்தேன். எனக்கு முதல் தரம் நம்பிக்கை வரும், இரண்டாம் தரம் நிம்மதி வரும், மூன்றாம் தரம் சந்தேகம் வரும்.

முதலில் சோதித்துப் பார்க்க ஒரு படம் தேவைப்பட்டது. மாமியின் வளவில் கட்டிக் கிடந்த ஆட்டைப் படம் பிடித்து முகிலுக்கு ஏற்றினேன். போனது, வந்தது, திறந்தது. அதன் பிறகுதான் எங்களுக்கென்று பெரிய திறப்பை உண்டாக்கினேன். ஆடு மட்டும் நிறுவனத்தின் பூட்டோடு கிடந்தது. அதையும் புதிய திறப்புக்கு மாற்றுவோமா என்று யோசித்து, ஆட்டுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மாமி கதவைச் சாத்திக்கொண்டு டெப்லட்டில் எல்லாப் படங்களையும் தன் கையாலேயே ஏற்றினார். நான் வெளியே நின்று கதவு வழியாகச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் ஏறியதும் என் கணக்கிலிருந்து ஒன்றைத் திறந்து பார்க்க முயன்றேன். அனுமதி இல்லை என்று வந்தது. ஒரு கதவு எனக்குத் திறக்கவில்லை என்பதற்காக நான் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. உடனே மாமியின் அழைப்பு: "கிணுகிணுத்திச்சு! பாத்தியா?"

"பாக்க ஏலுமா எண்டு பாத்தன் மாமி. ஏலாது."

"அப்ப சரி." அன்று பின்னேரமே மாமி பழைய தாள்களையும் படங்களையும் வளவில் போட்டு எரித்துவிட்டார்.

புதன்கிழமை ஆயிஷா உம்மா கடைக்கு வந்தார், பின்னால் மாமியும். ஆயிஷா உம்மாவின் மகளுக்குப் பேசிய இடம் குழம்பிவிட்டது. பேச்சுக் குழம்பினால் படத்தைப் பெண்ணின் வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது எங்கள் ஊர் வழக்கம். கையில் வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, தங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தின பிறகுதான் அந்த வீட்டார் தண்ணீர்கூடக் குடிப்பார்கள்.

"என்ட புள்ளட படத்தத் தா," என்றார் ஆயிஷா உம்மா, கையை நீட்டியபடி.

"அது முகில்ல இருக்கு உம்மா. அழிச்சு விடுறம்."

"அழிச்சதக் காட்டு."

இல்லாததை எப்படிக் காட்டுவது? மாமி டெப்லட்டை எடுத்து அழிக்கப் போனார். ஆயிஷா உம்மா தடுத்தார். "சும்மா விளையாடாதகா சுபைறா. என்ட மூத்த மருமகன் சொன்னவர். முகில்ல ஒண்டப் போட்டா, பழுதாகினாலும் எண்டு அவங்க அங்க ஒண்டு இங்க ஒண்டு பிரதி எடுத்து வப்பாங்களாம். நீ இதில அழிச்சா அதில கிடக்கும்."

மருமகன் சொன்னது சரிதான். மாமி என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது வகுப்பில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. அது அவ்வளவு அழகாக ஞாபகம் வந்ததால் நான் அதைச் சந்தேகிக்கவில்லை. வழக்கமாக நான் சந்தேகிக்காத விஷயங்கள்தான் என்னைக் கவிழ்த்திருக்கின்றன.

"உம்மா, பிரதி எத்தின இடத்தில இருந்தாலும் எல்லாத்துக்கும் ஒரே பூட்டு. திறப்ப அழிச்சா, எந்தப் பிரதியும் ஒருத்தருக்கும் திறக்காது. அந்தக் கம்பனிக்காரனுக்கும் திறக்காது. வெறும் குப்பை எழுத்து."

ஆயிஷா உம்மா நீட்டிய கையை மடக்கினார். "திறப்ப அழி."

அழித்தேன். சரியாகச் சொன்னால், அழிக்கும்படி பதிந்தேன். முகிலில் திறப்பை உடனே அழிக்க விடமாட்டார்கள். சில நாட்கள் காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம், தவணை முடிந்தால் ஒருவராலும் முடியாது. ஆனால் பதிந்த கணத்திலிருந்தே அந்தத் திறப்பைப் பாவிக்க முடியாது. ஆயிஷா உம்மாவின் மகளின் படம் திறக்கிறதா என்று மாமியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை. இன்னொரு தரம். திறக்கவில்லை. மூன்றாம் தரமும் இல்லை. ஆயிஷா உம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

நான் செய்ததைத்தான் மூன்று தரம் சரிபார்த்தேன். செய்யக்கூடாததையும் சேர்த்துச் செய்தேனா என்று ஒரு தரமும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாமி என்னையும் வரச் சொன்னார், டெப்லட் மக்கர் பண்ணினால் உதவிக்கு. ஆனால் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

"என்ட ராத்தாட படம்தானே மாமி?"

"கை தவறி மத்தது வந்தா?"

ஆகவே அன்று நடந்ததில் பாதியை நான் கேட்டேன், பார்க்கவில்லை. றிபாத்தும் அவருடைய தாயார் சபூறா உம்மாவும் வந்து சோபாவில் அமர்ந்தார்கள். பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது. மாமி ராத்தாவைப் பற்றி ஒரு முன்னுரை சொன்னார். அதில் வந்த பெண் எனக்குத் தெரியாதவள், மிகவும் அடக்கமானவள். பிறகு டெப்லட்டில் ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பிறகு பல தட்டுகள்.

"முஸ்பிறா திறக்குதில்ல," என்று மாமி என் முதுகைப் பார்த்து முணுமுணுத்தார்.

"மறுகாத் தட்டுங்க மாமி."

"ஒண்டும் திறக்குதில்ல. எல்லாத்துக்கும் அனுமதி இல்லையாம். ஆ, ஒண்டு திறக்குது, ஒண்டு திறக்குது! இந்தா பாருங்ககா."

"மாஷா அல்லாஹ்," என்று சபூறா உம்மா மரியாதைக்குத் தொடங்கிவிட்டார். பிறகுதான் கண்ணாடியைப் போட்டிருக்க வேண்டும்.

"உம்மா," என்றது ஓர் ஆண் குரல், மிகவும் மெதுவாக. "இது ஆடு."

"அது என்ட ஆடு!" என்று மாமி கத்தினார். "டேய் ஜுனைட்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரைப் பார்த்தபடியே விளங்கியது. பெரிய திறப்பு ஒன்றுதான். ஆயிஷா உம்மாவின் மகளுக்கென்று தனித் திறப்பு நான் உண்டாக்கவில்லை. அன்று நான் பூட்டிப்போட்டது கல்முனையிலிருந்து ஒலுவில் வரை கலியாணத்துக்குக் காத்திருக்கும் அத்தனை பிள்ளைகளையும். என் ராத்தாவையும் சேர்த்து. தப்பியது நிறுவனத்தின் பூட்டோடு கிடந்த ஆடு மட்டும்.

திரும்பி அமர்ந்தேன். சபூறா உம்மா கைப்பையின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். எழும்பப் போகும் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். "நாங்க வெள்ளனப் போகணும் சுபைறா. நாளைக்குச் சம்மாந்துறைப் பயணம் இருக்கு."

ராத்தாவின் ஓம் என் காதுக்குள் கேட்டது. என் கணினியைத் திறந்து, திறப்பின் அழிப்பை ரத்துச் செய்தேன். ரத்தானது. "இப்ப பாருங்க மாமி." மாமி தட்டினார். ஆடுதான் வந்தது.

வினோஜ் சேருக்கு அழைத்தேன். அவர் மாமாவின் வயலில், நற்பிட்டிமுனையில், அறுவடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சேர், திறப்ப மீட்டிட்டன், திறக்குதில்ல!"

"எத்தின மூட நெல்லு?"

"மூட இல்ல சேர், திறப்பு! பெரிய திறப்பு!"

"ஓமோம், பெரிய மெஷின்தான்! அடிக்குது, கேக்குதில்ல, பொறகு எடுக்கிறன்!"

சபூறா உம்மா எழுந்துவிட்டார். நான் இனி என்ன சொன்னாலும் கெடுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்று தோன்றியது. அதனால் நடந்ததைச் சொன்னேன். பையை பஸ்ஸில் விட்டதைச் சொல்லும்போது மாமி இருமினார், நான் நிறுத்தவில்லை. பூட்டு, பெரிய திறப்பு, ஆயிஷா உம்மா, அழிப்பு, காத்திருப்புக் காலம், என் பிழை. "ராத்தாவுக்கு ஒண்டும் தெரியா. பிழை என்ட. அவ நல்ல புள்ள. கொஞ்சம் வாய், ஆனா நல்ல புள்ள."

"வாய் எண்டு நான் சொல்லல்ல," என்றார் மாமி அவசரமாக.

சபூறா உம்மா என்னைப் பார்க்கவில்லை. டெப்லட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சுபைறா, என்ட கடைசி மகள்ர படத்தப் போன மாசம் உன்னட்டத் தந்தேனே. அதும் இதுக்குள்ளயா?"

"ஓம்."

"தட்டு."

மாமி தட்டினார். அனுமதி இல்லை.

"தம்பி, உனக்கும் திறக்காதா?"

"திறக்காது."

"அந்தக் கம்பனிக்காரனுக்கு?"

"இப்ப இருக்கிற நிலையில அவனுக்கும் ஏலாது."

சபூறா உம்மா மறுபடியும் சோபாவில் அமர்ந்தார். பிளாஸ்டிக் உறை நீளமாக மூச்சு விட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அக்கரைப்பற்று பஸ்ஸில போன பையிக்குள்ள அவட படமும் இருந்ததாம் எண்டு கேள்விப்பட்ட நாள் தொடக்கம் நான் நித்திரை கொள்ளல்ல. இண்டைக்கு நான் தூங்குவன்."

மாமி முகத்தில் மெல்ல ஒரு வியாபாரக் களை திரும்பியது. "அதுக்காகத்தானே நான் இவனுக்கு இப்புடிச் செய்யச் சொன்ன."

"அப்ப திறப்பு செத்துப் போச்சா?" என்று றிபாத் என்னிடம் கேட்டார். அவர் என்னை நேராகப் பார்த்துப் பேசியது அதுதான் முதல். அவருக்கு உண்மையிலேயே அறிய ஆசை இருந்தது.

"இல்ல. காத்திருப்புக் காலத்தில இருந்தது. அதுக்குள்ள மீட்க ஏலும். மீட்டனான், ஆனா வேலை செய்யுதில்ல."

"அப்ப இத்தாவில இருந்திருக்கு," என்றார் மாமி. தலாக் சொல்லப்பட்ட பெண் காத்திருக்கும் காலத்தைச் சொன்னார். அது முடியுமுன் கணவன் மனம் மாறினால் மீட்டுக்கொள்ளலாம். "மீட்டா மட்டும் போதுமா? கூட்டிக்கொண்டு வந்து வீட்டில வாழவும் வைக்கணும்."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சபூறா உம்மா கையை உதறினார். "படம் கிடக்கட்டும். புள்ளயப் பாப்பம். எப்புடியும் நம்மட ஊரு வழக்கப்படி மாப்புள்ள போய் இருக்கப் போறது அந்த வீட்டிலதானே, வீட்டையும் பாத்தாப் போச்சு. நடகா சுபைறா."

"இப்பயா?" என்றேன்.

"பொறகென்ன, நாளைக்கா? நாளைக்குச் சம்மாந்துறை."

அவர்கள் ஓட்டோ பிடிக்கப் போனார்கள். நான் ராத்தாவுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. உம்மாவுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. சைக்கிளில் ஏறிக் குறுக்கு ஒழுங்கைகளால் மிதித்தேன். இரண்டு ஆடுகளையும் ஒரு சுலைமானித் தேநீர் வியாபாரியையும் தாண்டி வீட்டுப் படலையை அடைந்தபோது, ஓட்டோவும் வந்து நின்றது.

வீட்டில் ஏன் ஃபோனை எடுக்கவில்லை என்பது உடனே தெரிந்தது. தண்ணீர்ப் பம்ப் பழுது. ராத்தா கிணற்றடியில் குந்தியிருந்தாள். உம்மாவின் பழைய முக்காட்டைத் தலையில் இறுக்கிக் கட்டி, முழங்கை வரை சேறு. பக்கத்தில் உம்மா வாளியோடு நின்றார். படலைப் பக்கம் திரும்பாமலே ராத்தா கத்தினாள்: "ஜுனைட், வந்திட்டியா? அவங்க என்ன சொன்ன? என்னப் பிடிச்சிருக்காமா, இல்ல நான் இஞ்ச பம்போடயே காலத்தக் கழிக்கவா?"

உம்மா வாளியைப் போட்டார்.

ராத்தா திரும்பினாள். ஓட்டோவையும், மாமியையும், சபூறா உம்மாவையும், கடைசியில் றிபாத்தையும் பார்த்தாள். எழுந்து ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்தாள், அதனால் முக்காட்டிலும் சேறு ஆனது. அவ்வளவுதான்.

அன்று இரவு நான் எழுதியது இதுதான்: கிடக்கும்போது பூட்டலாம், போகும்போது பூட்டலாம், ஆனால் பாவிக்கும்போது எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். இதை வகுப்பில் சேர் சொன்னபோது எனக்கு விளங்கியிருக்கவில்லை.

றிபாத் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார், ஆனால் ராத்தாவுக்குக் கிட்ட இல்லை, பம்புக்குக் கிட்ட. "காத்து இழுக்குதா?"

"ஓம். மூண்டு வாளி ஊத்திட்டன். நிக்குதில்ல."

"கீழ வால்வு பிடிக்குதில்லபோல. எங்கட ஐஸ் பெக்டரியிலயும் இதே கரைச்சல்." அவர் குழாயில் காதை வைத்துக் கேட்டார்.

ராத்தா கையை உதறிக்கொண்டு நின்றாள். "ஒண்டு கேக்கவா? பொழுதுபோக்கு இல்லை எண்டு எழுதினது நீங்களா, மாமியா?"

மாமி வானத்தைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார் றிபாத், காதைக் குழாயிலிருந்து எடுக்காமல். "கரண்ட் இருந்தா ஐஸ் போடணும். கரண்ட் போனா ஐஸ் உருக முந்தி ஓடணும். இதில பொழுது எங்க போற? மாமி 'வாசிப்பு' எண்டு போடச் சொன்னா. வாசிச்சது என்ன எண்டு நீங்க கேட்டா?"

"கேட்டிருப்பன்," என்றாள் ராத்தா.

"அதான் போடல்ல."

சபூறா உம்மா எங்கள் உம்மாவைப் பார்த்து, "தண்ணி இல்லாட்டி தேத்தண்ணியும் இல்லைபோல," என்றார். உம்மா பக்கத்து வீட்டுக்கு ஓடினார்.

அந்த நேரம் பார்த்து என் ஃபோன் அடித்தது. அறுவடை மெஷின் நின்றிருந்தது. வினோஜ் சேரின் குரல் இப்போது வளவு முழுக்கக் கேட்டது. "தம்பி! மீட்டா மட்டும் போதாது! மீட்ட திறப்பு முடங்கித்தான் கிடக்கும், நீ மறுபடி இயக்கி விடணும்!"

"பாத்தியா," என்றார் மாமி. "நான் சொன்னதத்தான் சொல்லுறார்."

பையிலிருந்த கணினியைத் திறந்து, திறப்பை இயக்கினேன். மாமி நின்ற இடத்திலேயே டெப்லட்டைத் தட்டினார். ராத்தாவின் படம் திறந்தது. சபூறா உம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சேற்றோடு நின்றவளைப் பார்த்தார்.

"படத்தில வேற மாதிரி," என்றார். "இது நல்லம்." சனிக்கிழமை அவர்கள் சம்மாந்துறைக்குப் போகவில்லை.

அதன் பிறகு ஒரு கிழமை நான் நித்திரையில்லாமல் வேலை செய்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் திறப்பு உண்டாக்கி, மாமியின் டெப்லட் வழியாகவே எல்லாவற்றையும் மாற்றிப் பூட்டினேன். ஆயிஷா உம்மாவின் மகளுடையதை மட்டும் பழைய திறப்போடு விட்டு, அந்தத் திறப்பை மீண்டும் அழிப்புக்குப் பதிந்தேன். கொடுத்த வாக்கு அது. அவரிடமும் போய், இடையில் மீட்க வேண்டி வந்ததைச் சொன்னேன். நன்றாக ஏசினார். ஏசி முடித்து, எப்போது தவணை முடியும் என்று கேட்டுப் போனார். ஆட்டையும் மாற்றிப் பூட்டச் சொன்னார் மாமி. ஆட்டுக்கும் ஒரு திறப்பு இருக்கிறது. வகுப்பில் சேர் காத்திருப்புக் காலத்தைப் பற்றி இப்போது படிப்பிக்கும்போது இத்தா என்று சொல்லித்தான் விளங்கப்படுத்துகிறார்.

கலியாண நாள் குறித்த அன்று ராத்தா என் முன்னால் வந்து நின்றாள். "என்ட படம் இன்னும் மாமிட்டக் கிடக்கா?"

"ஓம்."

"என்ட திறப்ப அழி. இனி ஒருத்தரும் பாக்கத் தேவல்ல."

இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, அது ராத்தாவின் திறப்புத்தான், அது மட்டும்தான் என்று பார்த்து அழிப்புக்குப் பதிந்தேன். அடுத்த நாள் காலை பல்லைத் தீட்டிக்கொண்டே ராத்தா கேட்டாள்: "இண்டைக்கும் மீட்க ஏலுமா?"

"ஏலும். மீட்கவா?"

"சும்மா கேட்டன்."

அதற்கடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். பகிடிக்குக் கேட்கிறாளா, பயத்தில் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ராத்தாவிடம் அப்படிக் கேட்க எனக்குத் துணிவும் இல்லை. எனக்கே பயமாக இருந்தது. அந்த மனிதரை ராத்தாவிடம் கொண்டுவந்து சேர்த்தது என் பிழை. என் பிழைகள் நல்லதாக முடிந்து எனக்குப் பழக்கமில்லை.

கடைசி நாள் அவள் கேட்கவில்லை. பாடசாலைக்கு உடுத்துக்கொண்டு, பாணை வாயில் வைத்தபடி வாசலில் நின்றாள். நான்தான் பின்னால் போனேன்.

"ராத்தா, இண்டையோட சரி. பொறகு ஒருத்தராலயும் ஏலாது. மீட்கவா?"

அவள் பாணை மென்று முடித்தாள். "ஒலுவிலில ராவு கரண்ட் போனதாம். அவர் விடிய விடிய ஓடி ஒரு கட்டி ஐஸும் உருகாமக் காப்பாத்தினாராம். அவர் அதச் சொல்லவும் இல்ல, மாமிதான் சொன்னா." சைக்கிளில் ஏறினாள். "தண்ணி ஏறுதா எண்டு பம்பப் பாரு. திறப்பத் தொடாத."

பின்னேரம் வகுப்புக்குப் போகுமுன் பார்த்தேன். ராத்தாவின் கோப்பு பட்டியலில் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. மாமியைத் தட்டிப் பார்க்கச் சொன்னேன். திறக்கவில்லை. இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். திறக்கவில்லை.

மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.